ஒரு பல் பிசகினால் உள்ளே போகாது

கோலாலம்பூரிலிருந்து பெந்தோங் நோக்கிக் காராக் நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? கெந்திங் செம்பா ஏற்றத்தில், இடது தடத்தில் ஊர்ந்து போகும் டிரெய்லர் லோரியை உங்கள் கார் கடக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். இயந்திரம் உறுமும். அந்த உறுமலின் சுருதி மெல்ல மெல்லத் தாழும். ஒரு கணம் அமைதி. பிறகு மறுபடி உயர்ந்த சுருதியில் உறுமல் தொடங்கும். லோரி ஒரு கியர் இறங்கிவிட்டது என்று பொருள்.

உங்கள் வீட்டுக் காரில் ஐந்து அல்லது ஆறு கியர் இருக்கும். கனரக லோரிகளில் பத்து, பதின்மூன்று, பதினெட்டுகூட உண்டு. ஆனால் கையால் கியர் மாற்றும் பத்து கியர் லோரி ஒன்றின் உள்ளே ஏறிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். கியர் கம்பி போய் நிற்கக்கூடிய முன்னோக்கு இடங்கள் ஐந்துதான். மீதி ஐந்து எங்கே?

விடை, கியர் பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. அங்கே இன்னொரு சிறிய கியர் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் துணைப் பகுதி என்போம். பழுதுபார்க்க அதைத் தனியாகக் கழற்றலாம், திரும்பப் பூட்டலாம். கழற்றுவது எளிது. திரும்பப் பூட்டும்போதுதான் சிக்கல். ஒரே ஒரு பல் இடம் மாறினால் அது உள்ளே போகாது. அடித்து நுழைத்தால் உடையும். ஏன் என்பதுதான் இன்றைய பாடம். உங்களுக்குத் தேவையானவை மூன்று: விகிதம், சமச்சீர், மீச்சிறு பொது மடங்கு. மூன்றையும் நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. எல்லா லோரிகளிலும் ஒரே அமைப்பு கிடையாது. ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றில் பின்பகுதியில் கோள் அமைப்புப் பற்சக்கரங்கள் இருக்கும். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி மற்றவை. நான் இங்கே எடுத்துக்கொள்வது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமாசூ நகரில் தொடங்கிய ஃபுல்லர் நிறுவனத்தின் வழிவந்த இரட்டைப் பக்கத் தண்டுக் கியர் பெட்டி. 1958-இல் ஈட்டன் நிறுவனம் ஃபுல்லரை வாங்கியது. ரோட்ரேஞ்சர் என்ற பெயரைச் சொன்னால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் லோரி ஓட்டுநர்கள் உடனே தலையாட்டுவார்கள்.

ஐந்தை இரண்டால் பெருக்கினால்

இந்த வகைப் பத்து கியர் பெட்டி ஒன்றின் முன்பகுதியில் உள்ள ஐந்து விகிதங்கள் ஏறத்தாழ இவை: 3.32, 2.45, 1.81, 1.35, 1.00. முதல் கியரில் இயந்திரம் 3.32 முறை சுற்றினால், முன்பகுதியிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு முறை சுற்றும். வேகம் குறையும், அதே அளவுக்கு முறுக்குவிசை கூடும்.

பின்னால் உள்ள துணைப் பகுதிக்கு இரண்டே நிலைகள். ஒன்று நேரடி நிலை: வந்த வேகம் அப்படியே போகும், விகிதம் 1. மற்றொன்று தாழ்நிலை: விகிதம் ஏறத்தாழ 4.46. ஓட்டுநர் கியர் கம்பியின் தலையில் உள்ள சிறு பொத்தானைத் தட்டினால், காற்றழுத்தம் இந்த நிலையை மாற்றிவிடும்.

ஆக, தாழ்நிலையில் முதல் கியரின் மொத்த விகிதம் 3.32 × 4.46, அதாவது சுமார் 14.8. ஐந்தாவது கியரில் 1.00 × 4.46 = 4.46. இப்போது பொத்தானைத் தட்டி, கம்பியை மறுபடி முதல் இடத்துக்கே கொண்டுவந்தால் ஆறாவது கியர்: 3.32 × 1 = 3.32.

அந்த 4.46 எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? 3.32-ஐ 2.45-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.36. 2.45-ஐ 1.81-ஆல் வகுத்தால் 1.35. அடுத்தடுத்த படிகளும் அதே அளவுதான். 4.46-ஐ 3.32-ஆல் வகுத்தாலும் 1.34 வருகிறது. ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும் படியும் மற்றப் படிகளைப் போலவே இருக்க வேண்டும் என்பதற்காகவே பின்பகுதியின் விகிதம் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. படிக்கட்டின் நடுவில் ஒரு படி மட்டும் உயரமாக இருந்தால் கால் தடுக்கும், அல்லவா? வடிவமைத்தவர்களின் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது விசையைக் கவனியுங்கள். ஒரு 1.5 லிட்டர் காரின் இயந்திரம் அதிகபட்சம் ஏறத்தாழ 135 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். பெரிய லோரி இயந்திரத்தில் 2,000 நியூட்டன் மீட்டர் என்பது சாதாரணம். முதல் கியரில், உராய்வை விட்டுவிட்டால், துணைப் பகுதிக்குள் நுழையும் முறுக்குவிசை 2,000 × 3.32 = 6,640 நியூட்டன் மீட்டர். அது வெளியே வரும்போது சுமார் 29,600. முழுப் பெட்டியிலும் மிகப் பெரிய சுமையைத் தாங்குவது இந்தப் பின்பகுதிதான். அங்கே ஒரு பல் தவறான இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று இப்போதே ஊகிக்கலாம்.

ஒரு வேலைக்கு இரு தண்டுகள்

துணைப் பகுதியின் தாழ்நிலை எப்படி வேலை செய்கிறது? மனக்கண்ணில் வரைந்துகொள்ளுங்கள், தாளில் வரைந்தால் இன்னும் நல்லது.

நடுக்கோட்டில் இரண்டு பற்சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்னால் இருப்பது சிறியது. முன்பகுதியிலிருந்து வரும் சுழற்சியை அது உள்ளே கொண்டுவருகிறது. அதைச் செலுத்து சக்கரம் என்று அழைப்போம். பின்னால் இருப்பது பெரியது. தாழ்நிலையில் அதுதான் வெளித் தண்டைச் சுழற்றும். அது தாழ்நிலைச் சக்கரம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல, தனித்தனியே சுழலும்.

இரண்டையும் இணைப்பது பக்கத் தண்டு. பட்டறையில் இதைக் கவுண்டர் ஷாஃப்ட் என்பார்கள். அதன் முன்முனையில் ஒரு பெரிய சக்கரம். அது செலுத்து சக்கரத்தோடு கடிக்கும். பின்முனையில் ஒரு சிறிய சக்கரம். அது தாழ்நிலைச் சக்கரத்தோடு கடிக்கும். பக்கத் தண்டின் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் அசையாமல் பொருந்தியவை. சிறியது பெரியதைச் சுழற்ற, அந்தப் பெரியதோடு சேர்ந்து சுழலும் சிறியது இன்னொரு பெரியதைச் சுழற்றுகிறது. வேகம் இரண்டு முறை குறைகிறது.

சாதாரணக் கியர் பெட்டியில் ஒரு பக்கத் தண்டு போதும். இங்கே இரண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நேர் எதிரெதிரே. ஏன்?

காரின் ஸ்டீயரிங் வட்டை ஒரு கையால் மட்டும் திருப்பிப் பாருங்கள். வட்டு சுழல்வதோடு, அதன் நடுத்தண்டும் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். இரு கைகளாலும் எதிரெதிர்ப் பக்கங்களில் பிடித்துத் திருப்பினால் தள்ளும் விசைகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். திருப்பும் விசை மட்டும் மிஞ்சும். இரட்டைப் பக்கத் தண்டும் அதையே செய்கிறது. நடுச்சக்கரத்தை இரு பக்கமும் சமமாகக் கடிப்பதால், அது எந்தப் பக்கமும் ஒதுங்குவதில்லை. அதோடு, சுமை இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பல்லும் பாதி விசையைத் தாங்கினால் போதும். எனவே சக்கரங்களின் தடிமனைக் குறைக்கலாம். பெட்டியின் நீளமும் குறையும்.

இவ்வளவு நன்மைக்கு ஒரு விலை உண்டு. இரு தண்டுகளும் எப்போதும் ஒரே தாளத்தில் நிற்க வேண்டும்.

வளையம் மூட வேண்டும்

இரண்டு பற்சக்கரங்களை மட்டும் சேர்த்தால் எந்தப் பல்லில் தொடங்கினாலும் கவலையில்லை, எப்படியும் கடிக்கும். மூன்று, நான்கு சக்கரங்களை வரிசையாகக் கோத்தாலும் அப்படியே. ஆனால் நம் துணைப் பகுதியில் வரிசை இல்லை, வளையம் இருக்கிறது. செலுத்து சக்கரத்தில் தொடங்கி, இடப்பக்கத் தண்டு வழியாகத் தாழ்நிலைச் சக்கரத்துக்குப் போய், வலப்பக்கத் தண்டு வழியாகத் திரும்பி, தொடங்கிய அதே செலுத்து சக்கரத்துக்கு வந்து சேர்கிறோம். மூன்று இணைப்புகளை உங்கள் விருப்பப்படி வைக்கலாம். நான்காவது இணைப்பில் உங்களுக்கு உரிமை இல்லை. முந்தைய மூன்றும் சரியாக அமைந்திருந்தால்தான் அங்கே பல்லுக்கு எதிரே பள்ளம் வரும். இல்லாவிட்டால் பல்லுக்கு எதிரே பல் வரும்.

எண்களோடு பார்ப்போம். உண்மையான லோரியின் எண்களை விட்டுவிட்டு, உங்கள் கைக்கு எட்டும் எண்களை எடுக்கிறேன். லெகோ டெக்னிக் பெட்டிகளில் 24 பல், 40 பல் சக்கரங்கள் கிடைக்கும். செலுத்து சக்கரம் 24, தாழ்நிலைச் சக்கரம் 40 என்று வையுங்கள். ஒவ்வொரு பக்கத் தண்டிலும் முன்னால் 40, பின்னால் 24. முன்னாலும் பின்னாலும் கூட்டுத்தொகை 64 என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் பக்கத் தண்டு நடுக்கோட்டுக்கு இணையாக நிற்க முடிகிறது. லெகோ சட்டத்தில் நடுத்துளையிலிருந்து நான்காவது துளை, இரு பக்கமும்.

இப்போது வலப்பக்கத் தண்டை மட்டும் தாழ்நிலைச் சக்கரத்தில் ஒரு பல் தள்ளி வைத்துவிட்டோம் என்று கொள்வோம். 24 பல் சக்கரத்தில் ஒரு பல் என்பது 360 ÷ 24 = 15 டிகிரி. அதே தண்டின் முன்முனையில் உள்ள 40 பல் சக்கரமும் அதே 15 டிகிரி திரும்பியிருக்கும். ஆனால் அதற்கு ஒரு பல் 9 டிகிரிதான். 15-இல் ஒரு முழு 9 போக மீதி 6 டிகிரி. அதாவது, இரண்டாவது பல்லுக்கு இன்னும் 3 டிகிரி, ஒரு பல்லின் மூன்றில் ஒரு பங்கு, குறைகிறது. செலுத்து சக்கரம் இடப்பக்கம் அழகாகக் கடிக்கும்; வலப்பக்கம் முட்டும்.

இரண்டு பல் தள்ளினால்? 30 டிகிரி. 9-ஆல் வகுத்தால் மீதி 3. அப்போதும் முட்டும். மூன்று பல் தள்ளினால் 45 டிகிரி. சரியாக ஐந்து பல். பொருந்திவிடும்! ஆக, கண்ணை மூடிக்கொண்டு தண்டை வைத்தால் மூன்றில் ஒரு முறை தானாகச் சரியாக அமையும்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இதைச் செய்தபோது, எதையும் கணக்கிடாமல் பூட்டிய குழு ஒன்றுக்கு முதல் முயற்சியிலேயே எல்லாம் சுழன்றது. அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கழற்றி மறுபடி பூட்டச் சொன்னேன். மூன்று முறை முட்டிய பிறகு தாளும் பேனாவும் தானாக மேசைக்கு வந்தன. நீங்களும் செய்து பாருங்கள். பிளாஸ்டிக் பற்களை அழுத்தி நுழைக்க மட்டும் வேண்டாம். அச்சு வளைவதை உங்கள் விரலே உணரும்.

குறி எங்கே, ஏன் அங்கே

பட்டறையில் யாரும் டிகிரியைக் கணக்கிடுவதில்லை. அவர்கள் குறியிடுகிறார்கள்.

தாழ்நிலைச் சக்கரத்தில் ஏதாவது அடுத்தடுத்த இரு பற்களுக்குப் பெயின்ட் பூசுவார்கள். பிறகு, அவற்றுக்கு நேர் எதிரே உள்ள இரு பற்களுக்கும் பூசுவார்கள். ஒவ்வொரு பக்கத் தண்டிலும் ஒரு பல்லுக்கு மட்டும் குறி. அது எந்தப் பல் என்பதைத் தயாரிப்பாளரே சிறு வட்ட முத்திரை பதித்துக் காட்டியிருப்பார். குறியிட்ட ஒரு பல், குறியிட்ட இரு பற்களின் நடுவே அமர வேண்டும், இரு பக்கமும். அவ்வளவுதான்.

இதன் பின்னால் இருப்பது சமச்சீர். இரு பக்கத் தண்டுகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல ஒன்றே. இரண்டிலும் குறியிட்ட பல் நடுவை நோக்கி நிற்கிறது. இப்போது மொத்த அமைப்பையும் 180 டிகிரி திருப்பியதாக எண்ணுங்கள். இடத் தண்டு வலத் தண்டின் இடத்துக்குப் போகும். படம் மாறவே மாறாது. எனவே இடப்பக்கம் செலுத்து சக்கரம் பொருந்தினால், வலப்பக்கமும் பொருந்தித்தான் ஆக வேண்டும். டிகிரிக் கணக்கு தேவையில்லாமல் போனது இதனால்தான்.

இந்த எளிய முறை பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. நடுவில் உள்ள இரு சக்கரங்களின் பற்களும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். 40 பல் சக்கரத்தில் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே இன்னொரு பள்ளம் இருக்கும். 41 பல் என்றால், பள்ளத்துக்கு நேர் எதிரே ஒரு பல் நிற்கும். தாளில் ஐந்து பல் சக்கரம் ஒன்றை வரைந்து பார்த்தால் உடனே புரியும்.

செலுத்து சக்கரத்துக்கு ஏன் குறியிடவில்லை என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. துணைப் பகுதியைக் கழற்றும்போது செலுத்து சக்கரம் முன்பகுதியோடு லோரியிலேயே தங்கிவிடுகிறது. மேசைக்கு வருவது தாழ்நிலைச் சக்கரமும் பக்கத் தண்டுகளும்தான். அங்கேயே தாளத்தைச் சரிசெய்துவிட்டால், செலுத்து சக்கரம் எந்த நிலையில் நின்றாலும் கவலையில்லை. அரைப் பல் அளவு இப்படியோ அப்படியோ திருப்பினால் இரு பக்கமும் ஒருசேரக் கடிக்கும்.

இன்னொரு சந்தேகமும் வரும். சரியாகப் பூட்டிய பிறகு தண்டைச் சற்றுச் சுழற்றினால் குறிகள் விலகிவிடும். பதற வேண்டாம். பற்கள் இடம் மாறவில்லை. குறிகள்தான் பயணம் போயிருக்கின்றன. நம் லெகோ எண்களில் 24, 40 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 120. எனவே பக்கத் தண்டு 5 முறையும் தாழ்நிலைச் சக்கரம் 3 முறையும் சுற்றிய பிறகு குறிகள் மறுபடி சந்திக்கும்.

திரும்பப் பூட்டும் வேலை

மேசையில் தாளம் சரியாகிவிட்டது. இனி அந்தப் பகுதியை லோரியில் மாட்ட வேண்டும். முழுக் கியர் பெட்டி ஏறத்தாழ 300 கிலோகிராம் என்றால், துணைப் பகுதி மட்டுமே ஒருவர் தூக்கக்கூடிய எடை அல்ல. செயின் பிளாக் அல்லது கியர் பெட்டி ஜாக்கி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. தொங்கும் இரும்புக்கும் நிற்கும் இரும்புக்கும் நடுவே விரலை விடக் கூடாது என்பதை எந்தப் பட்டறையிலும் முதல் நாளே சொல்லித் தருவார்கள்.

படுக்கை வாக்கில் மாட்டும்போது ஈர்ப்பு விசை குறும்பு செய்யும். பக்கத் தண்டுகளின் பின்முனைகள் துணைப் பகுதியின் பேரிங்கில் அமர்ந்திருக்கும். முன்முனைகளுக்கான இடமோ முன்பகுதியின் உறையில் இருக்கிறது. அதனால், மாட்டி முடியும் வரை முன்முனைகளைத் தாங்க எதுவுமில்லை, அவை தொய்ந்துவிடும். தொய்ந்தால் குறியிட்ட பற்கள் பள்ளத்திலிருந்து நழுவி அடுத்த பள்ளத்தில் விழலாம். மேசையில் செய்த வேலை முழுதும் வீண். ஆகவே தண்டுகளைத் தகட்டுப் பட்டையால் இறுக்கிப் பிடிப்பார்கள், அல்லது உறைக்கும் தண்டுக்கும் இடையே மர ஆப்புகளைச் செருகுவார்கள். எளிய மர ஆப்புதான். ஆனால் அதை மறந்தால் பெட்டியை மறுபடி இறக்க வேண்டிவரும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டி முகத்தைச் சுத்தம் செய்து, புதியதை வைத்து, வழிகாட்டும் கம்பிகளின் மேல் துணைப் பகுதியை நேராகத் தள்ளுவார்கள். பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அது நிற்கும். பின்புறத் தண்டைக் கையால் மெல்லத் திருப்பினால், தாளம் சரியாக இருக்கும் பெட்டி உள்ளே வழுக்கிப் போகும். இரு முகங்களும் சுற்றிலும் சமமாக ஒட்டும்.

போகாவிட்டால்? ஒரு விரல் அகல இடைவெளியில் நின்றுவிட்டால்? வேலையின் மிகவும் ஆபத்தான கணம் அதுதான். ஏனென்றால் கையில் போல்ட் இருக்கிறது. சுற்றிலும் போல்ட்டுகளைப் போட்டு, ஸ்பேனரால் இறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். உள்ளே எவ்வளவு விசை போகிறது என்று கணக்கிட்டால் அந்த ஆசை அடங்கும்.

போல்ட் இழுக்கும் விசையைத் தோராயமாகக் காண ஒரு சூத்திரம் உண்டு: முறுக்குவிசையை, 0.2-ஐப் போல்ட்டின் விட்டத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், 50 ÷ (0.2 × 0.01) = 25,000 நியூட்டன். இரண்டரை டன் எடைக்குச் சமம். கையில் உணரும் முயற்சியோ, கால் மீட்டர் ஸ்பேனரில் 200 நியூட்டன்தான். அந்தத் திருகு ஒரு சாய்தளம், அந்த ஸ்பேனர் ஒரு நெம்புகோல். இரண்டும் சேர்ந்து உங்கள் விசையை நூறு மடங்குக்கு மேல் பெருக்குகின்றன. எங்கே தடுக்கிறது என்பதைக் கை உணர்வதற்குள் வார்ப்பு உறை விரிசல் விட்டிருக்கும்.

உறை தாங்கினால் இன்னும் மோசம். பிசகு எப்போதும் லெகோவில் போல மூன்றில் ஒரு பங்காக இருக்காது. பக்கத் தண்டில் பின்னால் 15 பல், முன்னால் 44 பல் என்று வைத்துப் பாருங்கள். ஒரு பல் தள்ளினால் 44 ÷ 15 = 2.93. மூன்று முழுப் பற்களுக்கு ஒரு பல்லின் பதினைந்தில் ஒரு பங்குதான் குறைவு. பல்லுக்குப் பல் 15 மில்லிமீட்டர் என்றால், பிசகு வெறும் 1 மில்லிமீட்டர். பற்கள் தாராளமாகச் சுழல விடப்படும் இடைவெளி அதைவிடக் குறைவு. மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குதான். எனவே கையால் தள்ளினால் தடுக்கும். இரண்டரை டன் விசையோடு இழுத்தால் நுழைந்துவிடும்.

நுழைந்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். உள்ளே, இரு தண்டுகளும் நடுச்சக்கரத்தை ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளிக்கொண்டிருக்கும். சுமை பாதி பாதியாகப் பிரியாது. பாதிக்காக வடிவமைத்த பற்கள் முழுச் சுமையையும் வாங்கும், பேரிங் சூடேறும். பிறகு எப்போதோ, 29,600 நியூட்டன் மீட்டர் தேவைப்படும் ஓர் ஏற்றத்தில், பல் உடையும். இறக்கத்தில் உடைந்தால் இன்னும் கொடுமை. கனரக லோரி இறக்கத்தில் இயந்திரத்தின் தடையைக் கொண்டுதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சக்கரங்களுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருக்கும் துணைப் பகுதி அறுந்துபோனால் அந்தத் தடையும் போய்விடும். பிரேக் மட்டும் தனியாக நிற்கும். முன்னால் போகும் கார்களில் நீங்களும் நானும் இருக்கலாம்.

அதனால் நல்ல மெக்கானிக் நின்ற இடத்தில் நிற்பார். பின்னால் இழுப்பார், ஆப்புகளைப் பார்ப்பார், குறிகளைப் பார்ப்பார். மாட்டிய பிறகும், போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கிவிட்டு, தாழ்நிலையிலும் நேரடி நிலையிலும் தண்டைப் பல சுற்றுகள் கையால் சுழற்றுவார். ஏன் பல சுற்றுகள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்: ஒரே பற்கள் மறுபடி சந்திக்கச் சில சுற்றுகள் ஆகும். எங்காவது ஓரிடத்தில் கை கனத்தால், எண்ணெய் ஊற்றும் முன்பே பெட்டியைத் திறப்பார்.

உங்களுக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவின் மாக் நிறுவனம் மூன்று பக்கத் தண்டுகள் கொண்ட கியர் பெட்டிகளையும் செய்திருக்கிறது. தண்டுகள் 120 டிகிரி இடைவெளியில் நிற்கும். நம் லெகோ சக்கரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் 24-உம் 40-உம், ஒவ்வொரு பக்கத் தண்டிலும் 40-உம் 24-உம். ஒரே மாதிரியான மூன்று தண்டுகளை இதில் பொருத்த முடியுமா? முடியாது என்றால், எந்த ஓர் எண் தடுக்கிறது? முதலில் 24-ஐயும் 40-ஐயும் மூன்றால் வகுத்துப் பாருங்கள். பிறகு, ஒரு தண்டை முன்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாகத் திருப்பினால் பின்சக்கரம் எத்தனை பல் நகரும் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 0.6, 1.2, 1.8... அந்த வரிசையில் உங்களுக்குத் தேவையான பின்னம் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள்.